கழுவி வைத்த தொட்டி

21 ஏப்ரல் 2025, திங்கள்

ஆய்வுக்கூடத்துக்குப் புது இயந்திரம் வந்துவிட்டது. தண்ணீரில் கிருமி இருந்தால் அதன் மரபணுவை வைத்தே இரண்டு மணி நேரத்தில் சொல்லிவிடும். பழைய முறையில் தட்டில் வளர்த்துப் பார்க்க ஒரு நாள் ஆகும். மேலாளர் ஜெயபாலன் அதற்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். இயக்கத் தெரியாது. சிரிக்க நன்றாகத் தெரியும்.

23 ஏப்ரல், புதன்

ஈப்போவை அடுத்த செமோர் பக்கம் பழைய ரப்பர் தோட்டம். ரப்பர் போய்ச் செம்பனை வந்தும் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு இன்னும் குழாயில் இறங்கும் மலைத் தண்ணீர்தான். ஞாயிறன்று மாரியம்மன் திருவிழா. கோயில் தொட்டித் தண்ணீரில்தான் மோர் கலப்பார்கள். மாதிரி எடுக்கப் போனால் தொட்டி பளபளக்கிறது, குளோரின் நெடி மூக்கில் ஏறுகிறது!

"நீங்க வாரீங்கன்னு காலையிலேயே கழுவி மருந்து ஊத்திட்டோம்லா" என்றார் கோயில் தலைவர் உடையப்பன், பெருமையாக.

தோட்டத்து வெள்ளைக்காரத் துரை வருகிறார் என்றால் லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்த பழக்கம். துரை போய் எத்தனை காலம்!

24 ஏப்ரல், வியாழன்

இயந்திரம் ஈ.கோலி இருக்கிறது என்கிறது, மலத்திலிருந்து வரும் கிருமி. தட்டில் ஒன்றும் வளரவில்லை. இதில் குழம்ப என்ன இருக்கிறது? மருந்து கிருமியைக் கொன்றிருக்கிறது, மரபணு மிச்சம். மருந்தின் வீரியம் போனதும், செத்தது வந்த வழியாகத்தானே உயிருள்ளதும் வரும்? மேலே குழாயில் எங்கோ ஓட்டை.

"செத்ததுக்குப் போய் ஏன் பயப்படுற, பிரமிளா? தட்டு சுத்தம்னு சொல்லுதில்ல" என்றார் ஜெயபாலன். சுத்தம் என்று ரிப்போர்ட் எழுத நான் மறுத்தேன். அவரே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டார். படம் எடுக்க இயந்திரம், நம்புவதற்குத் தட்டு!

25 ஏப்ரல், வெள்ளி

உடையப்பனைப் போனில் அழைத்து, தண்ணீரைக் காய்ச்சியாவது ஊற்றுங்கள் என்றேன்.

"சுத்தம்னு ரிப்போர்ட் வந்திருச்சே தங்கச்சி. பரவால்ல, தாப்பாலா, ஒண்ணும் ஆகாது."

27 ஏப்ரல், ஞாயிறு

மனம் கேட்காமல் திருவிழாவுக்குப் போனேன். ரிப்போர்ட்டைப் பிளாஸ்டிக் உறை போட்டு மோர்ப் பந்தலில் தொங்கவிட்டிருக்கிறார்கள். படிக்கத் தெரிந்தவர்கள்தான் முதலில் குடித்தார்கள்.

30 ஏப்ரல், புதன்

லயத்துப் பிள்ளைகள் ஈப்போ மருத்துவமனையில். வயிற்றுப்போக்கு, காய்ச்சல். "எங்க இயந்திரம் அப்பவே சொல்லிச்சு" என்று ஜெயபாலன் யாரிடமோ போனில் அளக்கிறார். சீ! இதுவும் ஒரு வாய்.

2 மே, வெள்ளி

உடையப்பன் அழைத்தார். பழைய கழிவறைக்குப் பின்னால் குழாய் உடைந்திருக்கிறதாம். அவர் பேத்தியும் வார்டில்தானாம். அவரிடம் கேட்கவென்று நிறைய வைத்திருந்தேன். "பிள்ளை எப்படி இருக்கு அண்ணே?" என்றுதான் வந்தது.

"தேவலாம்மா. அவ அம்மா கொடுத்தா தண்ணி குடிக்கிறா. நான் கொடுத்தா மட்டும் வாய இறுக்கி மூடிக்கிறா. அன்னைக்கு மோர நான்தானே ஊட்டிவிட்டேன்."