தம்பி உண்டா என்று கேட்டார்கள்

சிம்மக்கல், மதுரை
8.6.2009

கிரிதரனுக்கு,

பதினோரு வருஷம் கழித்து அண்ணன் எழுதுகிறானே என்று பதற வேண்டாம். சமாதானம் பேச எழுதவில்லை. டாக்டர் சொன்ன ஒரு தகவலை உனக்குச் சேர்க்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். போன வருஷம் பிப்ரவரியில் ரத்தப் பரிசோதனையில் பி.எஸ்.ஏ. என்ற அளவு கூடியிருந்தது என்று பன்னிரண்டு இடத்தில் ஊசி விட்டுச் சதை எடுத்தார்கள். ஒன்றுமில்லை என்று வந்தது. நானும் என் பாட்டுக்கு இருந்துவிட்டேன். இந்த வருஷம் அளவு இரட்டிப்பானது. புது டாக்டர், "மறுபடியும் கண்ட எடத்துல குத்த வேணாம். மொதல்ல எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாத்து, சந்தேகப்படுற எடத்துல மட்டும் எடுப்போம்" என்றார். அரை மணி நேரம் குழாய்க்குள் கிடந்தேன். விசைத்தறிக் கொட்டகைக்குள் படுத்த மாதிரி அப்படி ஒரு சத்தம். பழைய ஊசிகள் எட்டாத முன்பக்கத்தில் ஒரு கறுப்புத் திட்டு தெரிந்தது. அங்கே எடுத்த சதையில் உறுதியாகிவிட்டது.

"கூடப் பொறந்தவங்க இருக்காங்களா?" என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றேன். வாயில் அப்படித்தான் வந்தது. வீட்டுக்கு வந்ததும் உன் அண்ணி ஹம்சவேணி பிடித்துக்கொண்டாள். "சேலத்துல குத்துக்கல்லாட்டம் இருக்குற மனுசன இல்லைன்னுட்டு வந்திருக்கீகளே, வெக்கமா இல்ல?" ஒரு வாரமாகச் சோறு போடும்போதெல்லாம் இதே பேச்சு. அண்ணனுக்கு வந்தால் தம்பிக்கும் வர வாய்ப்பு அதிகமாம். உனக்கு ஐம்பத்தாறு ஆகிறது. ரத்தப் பரிசோதனை செய்துகொள்.

நாம் நம் சௌராஷ்டிர பாஷையிலேயே சண்டை போட்டுப் பழகியவர்கள். தமிழில் எழுதினால் யாருக்கோ எழுதுவது போல இருக்கிறது.

ஜனகராஜ்


சேலம்
17.6.2009

அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. இல்லாத தம்பிக்குத் தபால்காரர் சரியாகக் கொண்டுவந்து கொடுத்துவிட்டார். அம்மா இறந்த அன்று, நான் வந்து சேர இரண்டு மணி நேரம் பொறுக்காமல் எடுத்துவிட்டீர்கள். எனக்கு அன்றைக்கே அண்ணன் இல்லை என்று ஆகிவிட்டது.

என் பரிசோதனை பற்றிக் கவலை வேண்டாம். உங்களுக்கு நோய் எந்த அளவில் இருக்கிறது, ஆபரேஷன் உண்டா என்று எழுதவும். அண்ணியை விசாரித்ததாகச் சொல்லவும்.

கிரிதரன்


மதுரை
2.7.2009

கிரிக்கு,

ஆபரேஷன் கிடையாது. இடுப்பெலும்புக்குப் போய்விட்டது. மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி போடுவார்களாம். இப்போதைக்கு வலி இல்லை.

அம்மா விஷயத்தில் உனக்காகக் காத்திருக்கத்தான் நினைத்தேன். பொழுது சாய்வதற்குள் எடுக்க வேண்டும் என்று பெரியவர்கள் அவசரப்படுத்தினார்கள், நானும் தலையாட்டினேன். தப்பு என்னுடையதுதான்.

டாக்டரிடம் திரும்பப் போய், தம்பி உண்டு என்று திருத்திச் சொன்னேன். "அவருக்கு இந்த வியாதி இருக்கா?" என்றார். தெரியாது என்றேன். "இருந்து, அது போன வருசமே தெரிஞ்சிருந்தா, மொத ஊசி சுத்தமா வந்ததோட விட்டிருக்க மாட்டாங்க. அப்பவே ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பாங்க" என்றார். பரிசோதித்தாயா இல்லையா? கவலை வேண்டாம் என்று மொட்டையாக எழுதினால் எனக்கு என்ன புரியும்?

ஜனகராஜ்


சேலம்
11.7.2009

அண்ணே,

நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். எனக்கு இதே நோய் 2007 நவம்பரில் வந்தது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துச் சுரப்பியை எடுத்துவிட்டார்கள். இப்போது நன்றாக இருக்கிறேன். "அண்ணன் இருந்தா ஒடனே சொல்லிருங்க" என்று டாக்டர் அன்றைக்கே சொன்னார். அண்ணன் இல்லை என்றேன். பத்மாசினி உங்கள் போன் நம்பரைத் தேடி எடுத்தே கொடுத்தாள். "அவரு எனக்குச் சொல்லிட்டா அம்மாவ எடுத்தாரு?" என்று கேட்டு, மனைவி என்றும் பாராமல் அவள் வாயையும் அடைத்துவிட்டேன்.

அதற்கு மூன்று மாதம் கழித்துத்தான் உங்களுக்கு முதல் ஊசி. போன கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை. மன்னிக்கச் சொல்லிக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. நான் அங்கே வரலாமா?

கிரி


மதுரை
25.7.2009

கிரிக்கு,

கோபம் இல்லை என்று எழுதினால் பொய். உன் கடிதம் வந்த அன்று, இவன் செத்திருக்கக் கூடாதா என்றுகூட நினைத்தேன். அதை மறைத்து எழுதப் பிடிக்கவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் யோசிக்க முடிந்தது. நானும் தம்பி இல்லை என்று சொன்னவன்தானே. ஹம்சவேணி விடாமல் பிடித்ததால் நான் சொன்ன ‘இல்லை’ ஒரு வாரத்தில் முடிந்தது. உன்னுடையது இருபது மாதம் இழுத்துவிட்டது.

நம் பிள்ளைகளும் நாற்பது வயதானதும் பரிசோதித்துக்கொள்ள வேண்டுமாம். என் ராஜகுருவும் உன் கோவர்த்தனனும் ஒருவரை ஒருவர் கடைசியாகப் பார்த்தது பள்ளிக்கூட நாளில். இன்று எதிரே வந்தால் அடையாளம் தெரியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோவர்த்தனனைக் கூட்டிக்கொண்டு வா. நான் உன்னோடு பேசுவேனா என்று இப்போது சொல்ல முடியாது. அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளட்டும்.

அண்ணன்,
ஜனகராஜ்