சங்கிலி இல்லாத படம்

மே 6, திங்கள்

வெயில். சோளகக் காற்று இன்னும் எழும்பவில்லை. காலையில் கரண்ட் இல்லை, மடிகணினியில் பாதி உயிர்தான். வெளிநாட்டுச் சிறுவர் புத்தகத்துக்கு முயல் படம் கீறுவது பாக்கி. முயலுக்குக் கம்பளிச் சட்டை வேண்டுமாம். பண்டத்தரிப்பு வெக்கைக்குள் இருந்து கம்பளி கீறுகிறேன், விரல் வியர்க்கிறது.

பின்வீட்டு மாமி மதிலுக்கு மேலால்:

"பிள்ளை, இப்ப என்ன வேலை செய்யிறீர்?"

"படம் கீறுறன், மாமி."

"அது தெரியும். வேலை என்ன?"

இனி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. போன வருசமும் இதே தீர்மானம்.

பின்னேரம் கொடிகாமத்திலிருந்து மாலினி என்றொரு பெண் அழைத்தார். தாய் நாகேஸ்வரி போன மாதம் செத்துப்போனார். சந்தையில் தேங்காய் வியாபாரம் செய்தவர். 19ஆம் திகதி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு. அன்று வருகிறவர்களுக்குக் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தின் அட்டைக்குத் தாயின் படம் கீற வேண்டும். ஒத்துக்கொண்டேன். முயல் எப்போதாவதுதான். கல்வெட்டு வேலைதான் அரிசி.

மே 7, செவ்வாய்

கொடிகாமம். பஸ்ஸில் நின்றபடி. வாங்கியது: கறுத்தக்கொழும்பான் மாம்பழம், அழிறப்பர். அழிறப்பர் கூடாது, தாளைக் கறுப்பாக்குகிறது.

நாகேஸ்வரிக்கு இருப்பது அடையாள அட்டைப் படம் மட்டும். அதில் பொலிசைக் கண்டதுபோல முறைக்கிறார். எல்லோரும் அதில் அப்படித்தான். அதை ஒதுக்கிவிட்டு, வழமைபோல மகளிடம், "அம்மா மாதிரி ஒருக்கா இருந்து காட்டுங்கோ" என்றேன். எந்தச் செத்தவீட்டிலும் என் வேலை அங்கேதான் தொடங்கும். மூக்கைவிட மூக்கைச் சொறிகிற விதம்தான் ஆளைக் காட்டும்.

மாலினி வெட்கப்பட்டார். பிறகு குந்தி இருந்து, இல்லாத தேங்காயொன்றைக் காதருகே ஆட்டிப் பார்த்தார். விலையைக் குறைத்துக் கேட்ட யாரையோ பார்த்துச் சிரித்தார். வலக்கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க.

"அம்மாவுக்கு முன்பல்லு மிதப்பு. அதாலை எப்பவும் இப்பிடித்தான் சிரிப்பா. பொத்தினாலும் சந்தை முழுக்கக் கேக்கும்."

அவ்வளவுதான். திரும்பும்போது பஸ்ஸிலேயே கீறினேன். வாய் இல்லை. கை. சுருங்கின கண் இரண்டு. இந்த வருசத்தில் நான் கீறியவற்றில் இதுதான் நல்லது. எனக்கே தெரிகிறது, வேறு யாரும் சொல்லத் தேவையில்லை.

மே 9, வியாழன்

லண்டனிலிருந்து ரூபன். மாலினியின் அண்ணன். செத்தவீட்டுக்கு வரக் கிடைக்கவில்லை, அந்தியேட்டிக்கு வருகிறார். தங்கை அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு நேரே எனக்குப் போன் எடுத்தார்.

"தங்கச்சி, அம்மான்ரை முகம் எங்கை?"

"அதுதான் முகம், அண்ணை."

"விளையாடாதேங்கோ. வாயை மூடி, நேரை பாக்கிற மாதிரிக் கீறுங்கோ. பட்டுச்சீலை. ஒரு சங்கிலி. கொஞ்சம் வெள்ளையாவும்."

சங்கிலிக்கு மாதிரியும் அனுப்பினார். அவருடைய மனைவியின் கழுத்து.

"அம்மா சங்கிலி போடுறவவோ?"

"ஒண்டு இருந்தது. என்னை லண்டனுக்கு அனுப்ப வித்தவ. அதுக்குத்தான் சொல்லுறன், போடுங்கோ!"

அது குத்தியது. அவரும் பாவம்தான். ஆனால் நான் சங்கிலியைப் போட்டுவிட்டால், அந்தத் தாய் அதைக் கழற்றிக் கொடுத்ததே இல்லை என்றாகிவிடும். இதைச் சொன்னேன். அவருக்கு இன்னும் கோபம்.

"மாத்தாட்டி இங்கை ஒருத்தரும் இனி உங்களிட்டை வேலை தரமாட்டினம்."

"அப்ப ஸ்டூடியோவிலை குடுத்து சங்கிலியை ஒட்டுங்கோ. நான் கீறமாட்டன்."

வைத்துவிட்டேன். பாதி கோபம், பாதி பயம். இங்கே வரும் கல்வெட்டு வேலைகளில் பெரும்பாலானவை வெளிநாட்டுப் பிள்ளைகள் தருபவைதான்.

மே 10, வெள்ளி

என் அம்மாவுக்குக் கதை தெரிந்துவிட்டது.

"ஒரு சங்கிலிதானே, கீறிக் குடன். பென்சிலுக்கு என்ன பவுனே செலவாகுது?"

அம்மாவுக்கு மறதி. என் கலியாணப் பேச்சுக்கு எடுத்த போட்டோவில் ஸ்டூடியோக்காரர் என்னை நன்றாக வெளுத்துவைத்தார். மாப்பிள்ளை வீட்டார் வந்து, தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்த என்னிடமே, "பொம்பிளை எங்கை?" என்று கேட்டார்கள். நான் சிரித்துவிட்டேன். அம்மா அழுதார். அன்றிலிருந்து நான் யாரையும் வெளுப்பதில்லை. உயிரோடு இருப்பவரையும் இல்லை, செத்தவரையும் இல்லை.

முயலின் கம்பளிச் சட்டை முடிந்தது. கேவலமாக இருக்கிறது. அனுப்பிவிட்டேன்.

மே 13, திங்கள்

காற்று எழும்பிவிட்டது. முற்றம் முழுக்கப் புழுதி.

அச்சக அண்ணை: நாளைக்குள் படம் வராவிட்டால் அட்டையில் குத்துவிளக்கைப் போட்டு அடித்துவிடுவாராம். மாலினிக்கு எடுத்தேன். அழுத குரல், ஆனால் உறுதி.

"உங்கடை படத்தைத்தான் குடுக்கப்போறன், அக்கா. அம்மாவோடை இருந்தது நான். அண்ணை வந்து கத்துவார். கத்தட்டும். கீழை உங்கடை பேர் போடவோ?"

"போடுங்கோ. பெரிசா."

சொல்லிவிட்டேன்.

மே 19, ஞாயிறு

அந்தியேட்டி. "போகாதை, அவன் சபையிலை வைச்சு ஏசுவான்" என்றார் அம்மா. நல்ல சீலையாகப் பார்த்துக் கட்டிக்கொண்டு போனேன்.

பந்திக்கு முன்பே ரூபன் பிடித்துக்கொண்டார். புது வேட்டி, கையில் கல்வெட்டு.

"நீங்களோ உதைக் கீறினது?"

"ஓம். நான்தான்."

"சனம் என்ன சொல்லும்? எங்கடை அம்மாவுக்கு ஒரு..."

பக்கத்தில் நாகேஸ்வரியோடு சந்தையில் வியாபாரம் செய்த வயதான பெண் ஒருவர். அட்டையைத் தடவிக்கொண்டே பேச்சுக்குள் புகுந்தார்.

"ஐயோ, எங்கடை ஈசு! தேங்காய் அழுகல் எண்டு ஒருத்தன் திருப்பிக் கொண்டந்தவன். 'இதை ஆட்டிப் பாத்துத்தான் தந்தனான், உன்ரை தலையை ஆட்டிப் பாத்தனியோ?' எண்டு கேட்டுப்போட்டு, இப்பிடியேதான் இருந்து சிரிச்சவள்."

ரூபன் சிரித்துவிட்டார். தன்னை அறியாமல். வலக்கை மேலே போய் வாயைப் பொத்தியது. தோள் குலுங்கியது. மாலினி என்னைப் பார்த்தார். ரூபனின் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று தெரியவில்லை. கையை மட்டும் அவர் எடுக்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி முறைத்தார்.

"எண்டாலும் ஒரு சங்கிலி போட்டிருக்கலாம்."

"போடமாட்டன், அண்ணை."

திரும்பும்போது பஸ்ஸில் இருக்கை கிடைத்தது. ரூபனையும் கீறினேன், கேளாமலே. வாய் இல்லை. கை.