பதரு சீரியஸ், உடனே புறப்படு

786
கடப்பாக்கம்
4-3-1976

மாப்பிள்ளை கிஃபாயத்துல்லாவுக்கு மாமா அமானுல்லா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே பதருவும் உங்கள் மாமியும் சுகம். பதருவுக்கு ஐந்தாம் மாதம் நடக்கிறது.

பம்பாய் போய்ச் சேர்ந்ததாக நீங்கள் எழுதிய கடிதம் கிடைத்தது. துபாயில் ஸ்டோர்கீப்பர் வேலை என்று சொல்லித்தான் ஏஜண்டு கியாசுதீன் உங்களைக் கூட்டிப் போனான். இப்போது மஸ்கட் என்கிறானாம். ஊர் மாறினால் முதலாளி மாறமாட்டானா?

செங்கல்பட்டில் அவன் வீட்டுக்கே போய்ப் பார்த்தேன். அவன் சம்சாரம் ஷஹர்பானு பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். "வூடு மாத்துறோம் பாய். உங்க மருமவனுக்காகத்தான் அவரு அலைஞ்சுகினு கீறாரு" என்றாள். குடைந்து குடைந்து கேட்டும் முகம் சுளிக்கவில்லை, டீ வேறு கொடுத்தாள். கருவாடு விற்கிறவன் அப்படிச் சிரித்தால் நான் கூடையின் அடியில் கைவிட்டுப் பார்ப்பேன். பாஸ்போர்ட் யார் கையில் இருக்கிறது? உடனே எழுதுங்கள்.

துஆவுடன்,
அமானுல்லா


பம்பாய்
11-3-1976

மாமாவுக்கு ஸலாம்.

பாஸ்போர்ட் ஏஜண்டிடம்தான் இருக்கிறது. விசா அடிக்க வேண்டாமா? டாக்டர் பரிசோதனை முடிந்தது. சட்டையைக் கழற்றி வரிசையில் நிறுத்தி, மாட்டுச் சந்தை மாதிரி பல்லைக்கூடப் பார்த்தார்கள். அறையில் கால் நீட்ட இடமில்லை. அச்சரப்பாக்கத்து ஆபிரகாமின் கால் என் முகத்தில்தான் இருக்கும். எல்லாருக்கும் உள்ளே பயம், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பயணம் அடுத்த வாரம்.

கோபிக்க வேண்டாம் மாமா. உங்கள் கருவாட்டு மண்டியில் நான் கட்டிய மூட்டையை ஒரு தடவையாவது பிரித்துப் பார்க்காமல் அனுப்பியிருக்கிறீர்களா? மருமகனையே நம்பாதவர் ஏஜண்டை எங்கே நம்பப்போகிறீர்கள்? பிள்ளை பிறக்கும்போது எனக்கென்று ஒரு வேலை இருக்க வேண்டும். தடுக்காதீர்கள்.

கிஃபாயத்துல்லா


786
கடப்பாக்கம்
5-4-1976

மாப்பிள்ளைக்கு ஸலாம். நீங்கள் மறுபடி பம்பாயில்தான் இருக்கிறீர்கள் என்று ஆபிரகாம் சொன்னான். அவன் கொடுத்த விலாசத்துக்கு எழுதுகிறேன்.

வந்த அன்று வாசலில் நின்று பதருவை ஒரு பார்வை பார்த்தீர்கள். தண்ணீர்கூடக் குடிக்காமல் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டீர்கள். மாமி ஓடிவந்து கூப்பிட்டும் நிற்கவில்லை.

தந்தி பொய்தான். "பதரு சீரியஸ், உடனே புறப்படு" என்று அச்சரப்பாக்கம் போய் நானே எழுதிக் கொடுத்தேன். கடிதம் போட்டால் வந்திருப்பீர்களா? லீவு வாங்க ஊரே இப்படித்தானே தந்தி அடிக்கிறது.

நடந்ததைக் கேளுங்கள். ஆபிரகாமையும் கூட இருந்தவர்களையும் விசா பொய் என்று சொல்லி விமான நிலையத்திலேயே நிறுத்திவிட்டார்கள். செங்கல்பட்டில் கியாசுதீன் வீடு பூட்டிக் கிடக்கிறது. இப்போது சொல்லுங்கள், நான் செய்தது தப்பா? மண்டிக்கு வந்துவிடுங்கள்.

அமானுல்லா


துபாய்
20-6-1976

மாமாவுக்கு ஸலாம்.

கியாசுதீன் ஏமாற்றுக்காரன். நீங்கள் சந்தேகப்பட்டது சரி, மறுக்கவில்லை.

ஆனால் நம் பக்கத்தில் சீரியஸ் என்று தந்தி வந்தால் ஆள் போய்விட்டது என்றுதானே எடுத்துக்கொள்வோம்? சென்னையில் இறங்கியதும் அடக்கத்துக்குக் கபன் துணி வாங்கக் கடைக்குப் போனேன். "ஆம்பளைக்கா, பொம்பளைக்கா?" என்று கடைக்காரர் கேட்டார். பெண் மய்யத்துக்குக் கூடுதல் துணி வேண்டுமே. "பொம்பளைக்கு" என்றேன். அதை என் வாயால் சொல்ல வைத்தீர்கள் மாமா. கடப்பாக்கத்தில் வந்து இறங்கினால், பதரு வாசலில் மாங்காய் தின்றுகொண்டிருக்கிறாள். பையில் அந்தத் துணியை வைத்துக்கொண்டு உங்கள் வீட்டில் எப்படித் தண்ணீர் குடிப்பேன்?

என் பாஸ்போர்ட்டை ஆபிரகாம் வாங்கி வைத்திருந்தான். வேறு ஆள் மூலம் கப்பலில் வந்தேன். கப்பலில் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. அவனவன் தன் பெட்டிமேல் உட்கார்ந்தே வந்தான். துபாய் என்று சொன்ன பிறகும் முதலில் இறங்க ஆளில்லை. எனக்குக் கிடைத்தது நிஜமான வேலை. அரிசிக் கிடங்கைப் பார்த்துக்கொள்கிறேன்.

இனி உங்கள் கையெழுத்தில் எந்தச் சேதி வந்தாலும் நம்பமாட்டேன். பிள்ளை பிறந்தால் பதரு எழுதட்டும்.

கிஃபாயத்துல்லா


786
கடப்பாக்கம்
18-7-1976

மாப்பிள்ளைக்கு ஸலாம்.

பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.

தந்தி அடிக்க அச்சரப்பாக்கம் போனேன். "இன்னா பாய், நல்ல சேதிதானே?" என்று தபாலாபீஸ் வரதன் கேட்டான். தந்தியைப் பிரிக்கும்வரை உங்களுக்கு என்னவெல்லாம் ஓடும் என்று அப்போதுதான் உறைத்தது. அடிக்காமல் திரும்பிவிட்டேன். சேதி தாமதமானது அதனால்தான்.

மார்க்கெட்டில் என் வாய்ச்சொல்லுக்கே லாரியில் சரக்கு ஏறும். உங்களிடம் அது செல்லாது என்று தெரியும். பள்ளிவாசல் ஹஜ்ரத்தைச் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொல்லட்டுமா என்றேன். மாமி சிரிக்கிறாள். பதரு பேனாவைக் கேட்கிறாள். அவளே எழுதி உறையை ஒட்டட்டும், நான் படிக்கமாட்டேன்.

அமானுல்லா

அத்தாவை வெளியே போகச் சொல்லிவிட்டு எழுதுகிறேன். பெண் குழந்தைதான். உங்கள் நெற்றி. நாங்கள் இருவரும் சுகம். அத்தா எழுதியது அத்தனையும் நிஜம். கதவுக்கு அந்தப் பக்கம் இருமிக்கொண்டே நிற்கிறார். இதுவரை எட்டிப் பார்க்கவில்லை.

பதருன்னிசா