அத்தை சொன்ன ‘போ’ எங்கே

அன்பு மகன் உதயகுமாருக்கு நைனா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகம், கோலாலம்பூரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். ‘உடம்பளவில்’ என்ற சொல்லை அடித்துவிடலாமா என்று யோசித்தேன், அடிக்கவில்லை. போனில் நீ பேசுகிற வேகத்துக்கு எனக்குப் பதில் வருவதில்லை, நான் வாயைத் திறப்பதற்குள் நீ சிரித்துவிடுகிறாய், அதனால் எழுதுகிறேன். இங்கே வாடைக்காற்று தொடங்கிவிட்டது, ஏரியில் தண்ணீர் ஏறியிருக்கிறது, இறால் நன்றாகவே படுகிறது என்கிறார்கள். ஆனால் உன் காசியம்மாள் அத்தை ஏரியில் இறங்குவதில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் கையால் துழாவி இறால் பிடித்தே பிள்ளையை வளர்த்தவள், இப்போது பறிக்கூடையைச் சுவரில் மாட்டிவிட்டு வாசலுக்குக்கூட வராமல் உட்கார்ந்திருக்கிறாள். காரணம் நீ.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். லைட்ஹவுஸ் குப்பத்தில் ஜான் புதிதாக ஃபைபர் படகு இறக்கினான். அத்தை அங்கே மீன் காயவைக்கும் கூலி வேலைக்குப் போயிருந்தாள். படகைத் தண்ணீருக்குத் தள்ளும்போது ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டார்கள், பையன்கள் ஆடினார்கள். அந்தப் பாட்டுக்குள்ளிருந்து, ‘தருமா, கரைக்கு வாடா’ என்று அவளுடைய குரலே அவள் மகனைக் கூப்பிட்டது. ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்ப, அதற்கு நடுவில் மேளச் சத்தம். கையிலிருந்த கூடையை அப்படியே போட்டுவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டாளாம். ஜான் நல்லவன், மறுநாள் வீட்டுக்கே வந்து நின்றான். “செல்லுல வந்திச்சி சார், எல்லாரும் போடுறாங்கோன்னு நானும் போட்டேன், அது அக்கா கொரல்னு சத்தியமா தெரியாது சார்” என்று தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்.

எனக்கு இசை தெரியாது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். பள்ளிக்கூடத்தில் கணக்கும் தமிழும் சொல்லிக்கொடுத்தவன், அவ்வளவுதான். அதனால்தான் உன்மேல் கோபப்படுவதற்கு முன் சரியாகப் புரிந்துகொள்ள நினைத்து, அந்தப் பாட்டை எப்படிச் செய்தாய் என்று நீ கொடுத்த பேட்டியில் சொன்ன சொற்களை ஒவ்வொன்றாக உன்னிடமே போனில் கேட்டேன். ‘எங்க ஊர்ல கெடச்ச ஒரு சாவு பிட்’ என்று சொல்லியிருந்தாய். பிட் என்றால் என்ன என்று கேட்டேன், ஒரு துண்டு, மியூசிக் போடுகிற நாங்கள் எல்லாவற்றையும் அப்படித்தான் சொல்வோம் நைனா என்றாய். ஹூக் என்றால் கேட்பவன் மனசில் மாட்டிக்கொள்கிற வரி என்றாய். லூப் என்றால் ஒரே துண்டை முடிவில்லாமல் சுற்றவிடுவது என்றாய். தருமன் பெயரையாவது எடுத்துவிடேன் என்று கெஞ்சினேன், அதுதான் ஹூக், அதை எடுத்தால் பாட்டே இல்லை என்றாய். சொற்களை நீ விளக்கிய விதத்தில் குறை இல்லை. வகுப்பில் இப்படி விளக்கியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன். போன ஐப்பசியில் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து செத்த உன் அத்தை மகனை, உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவனைத் துண்டு என்று சொல்ல உனக்கு நாக்கு கூசவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை. பதினாறாம் நாள் கரையில் நீயும் அழுதாய், நான் பார்த்தேன். அழுதுகொண்டே செல்லை அத்தை பக்கம் நீட்டிப் பிடித்திருந்ததையும் பார்த்தேன், வெளியூரில் இருப்பவன், ஞாபகத்துக்கு வைத்துக்கொள்கிறான் என்று நினைத்தேன்.

இதையெல்லாம்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன், நான் எதைத்தான் பொறுக்கவில்லை. பொறுக்க முடியாதது கடைசியாக நீ சொன்ன சொல். அத்தை முழுக்க அழுது முடித்தாளே, அந்த முடிவு பாட்டில் இல்லையே என்று கேட்டதற்கு, அது அவுட்ரோ நைனா, அதை எவன் கேட்பான், வெட்டிட்டேன் என்றாய். உதயா, நீ இந்தக் குப்பத்தில் பிறந்தவன். தண்ணீரில் போனவனைப் பதினாறு நாளும் பெயர் சொல்லிக் கரைக்குக் கூப்பிடுவதும், பதினாறாம் நாள் பெற்றவளே தண்ணீருக்கு முதுகைக் காட்டி, ‘அம்மா கரையேறிட்டேன், நீ போ’ என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடப்பதும், அதற்குப் பிறகு யாரும் அந்தப் பெயரைக் கரையில் நின்று கூப்பிடாததும் உனக்குத் தெரியாதா? அந்த ஒரு வார்த்தையைச் சொல்ல அத்தை எவ்வளவு நேரம் நின்றாள், உன் அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள், ஞாபகம் இருக்கிறதா? அதைத்தான் யாரும் கேட்க மாட்டார்கள் என்று வெட்டிப் போட்டிருக்கிறாய். கூப்பிடுவதை மட்டும் வைத்துக்கொண்டு படகுக்குப் படகு சுற்றவிட்டிருக்கிறாய்.

நேற்று அத்தையைப் பார்க்கப் போனேன். உன்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். “இன்னாண்ணா, போன்னு சொல்லி அனுப்பிச்சேனே, அது எங்க? எம்புள்ள போவவும் முடியாம வரவும் முடியாம தண்ணிலயே நிக்கிறான்ணா, நான் எப்டி அதுல கால வெப்பேன்” என்று மட்டும் கேட்டாள். நான் படித்தவன், இதெல்லாம் நம்பிக்கை என்று சொல்லத் தெரிந்தவன். அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. மறுபடி ஒருமுறை கரைக்குப் போய்ச் சொல்லிவிடு என்றேன். அந்தப் பாட்டு ஓடுகிற வரைக்கும் சொல்லிப் பிரயோஜனமில்லை, நான் ஒரு தடவை போ என்றால் அது நூறு தடவை வா என்கிறது என்றாள்.

ஆகவே அந்தப் பாட்டை எடுத்துவிடு. உன் இணையப் பக்கத்தில் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள், எவ்வளவு பெயர் கிடைத்தது என்றெல்லாம் எனக்கு எழுதாதே. மற்றவர்கள் செல்லில் இருப்பதை உன்னால் அழிக்க முடியாது என்று சொல்வாய், தெரியும், அதை நானும் ஜானும் இங்கே வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொள்கிறோம். நான் எந்த வீட்டு வாசலிலும் போய் நிற்கக் கூசுகிறவன் என்று உனக்குத் தெரியும், இதற்காக நிற்பேன். பொங்கலுக்கு வருவதாகச் சொன்னாயாம், அம்மா உனக்கென்று இறால் கருவாடு எடுத்து வைத்திருக்கிறாள். பாட்டை நிறுத்தாமல் நீ வரவேண்டாம். இந்த வரியை எழுதப் பயமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் திருத்தப் போவதில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு, கண் விழிக்காதே. நீ நோயில்லாமல் இருக்க வேண்டும் என்பதுதான் இப்போதைக்கு என்னால் தர முடிந்த ஆசி, இதற்கு மேல் எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. நிறுத்திய அன்றைக்கே ஒரு வார்த்தை சொல், மறந்துவிடாதே. அத்தையைக் கரைக்குக் கூட்டிப்போக வேண்டும்.

இப்படிக்கு,
உன் நைனா
மாசிலாமணி