ஒன்பது பேர், எட்டுக் கட்டம்

மார்ச் 3, செவ்வாய்

மானியப் படிவம், நான்காவது முறை. மூன்று வருடமாகக் கலை நிதி அலுவலகம் எங்கள் கதைப்பாட்டுக் குழுவுக்கு “வருந்துகிறோம்” என்றே எழுதுகிறது. இவ்வளவு வருந்துகிறவர்கள் பேசாமல் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம்.

எல்லாருக்கும் அலுத்துவிட்டது. அதனால் டைப் அடிக்கிற வேலை இந்தப் பதினாறு வயதுக்காரி தலையில். கேள்வி ஏழு: “உங்கள் கலையால் சமூகத்துக்குக் கிடைக்கும் பயனை அளவிட்டுக் கூறுக.” யாருடைய கோட் ஒன்றையோ பிரித்துத் தைத்துக்கொண்டிருந்த அம்மா, கழுத்தில் கிடந்த இஞ்சு டேப்பைக் கழற்றி என் மடியில் போட்டாள். “இந்தா, அளந்து எழுது.”

மார்ச் 5

கேள்வி பதினொன்று: கலைஞர்கள் பட்டியல். எட்டுக் கட்டம். நாங்கள் ஒன்பது பேர். கம்ப்யூட்டர் ஒன்பதாவது ஆளை உள்ளே விடமாட்டேன் என்கிறது. அம்மாவைக் கேட்டேன். “ஏதோ ஒண்ணு பண்ணி அனுப்புடி. எப்படியும் வரப்போறதில்ல.”

ஏதோ ஒன்று பண்ணினேன். சித்தப்பாவை விட்டுவிட்டேன்.

என் நோட்டுதானே, காரணத்தையும் எழுதிவைக்கிறேன். அம்மா கதை சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்து “ஆமா”, “அடடா”, “அப்புறம்?” என்று கேட்பதுதான் சித்தப்பாவின் வேலை. இதற்கு ஒரு கட்டமா? நானாவது இரண்டாவது மேளம் அடிக்கிறேன். அதோடு, போன வாரம் பள்ளிக்கூட மணியின் நாக்குக்கு சாக்ஸ் மாட்டியது யார் என்று அம்மாவிடம் போட்டுக்கொடுத்ததும் அவர்தான். போட்டுக்கொடுத்தவரைப் போடாமல் விட்டேன். சரிக்குச் சரி.

மார்ச் 6

அனுப்பியாயிற்று. தூக்கம் வருகிறது.

ஏப்ரல் 28

கிடைத்துவிட்டது! ஆறு மண்டபம், ஆறு நிகழ்ச்சி. “வருந்துகிறோம்” எங்கேயாவது ஒளிந்திருக்கிறதா என்று அம்மா என்னை மூன்று தடவை படிக்கவைத்தாள். லிஃப்ட் ரிப்பேர் வேலையை முடித்துவிட்டு அப்படியே வந்த சித்தப்பா என் தலையில் கை வைத்தார். “நீ எழுதினதாலதான்டி வந்துச்சு, கழுதை!” முடியிலிருந்து கிரீஸ் போக நான்கு தடவை ஷாம்பு.

இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி. பட்டியலில் உள்ளவர்கள் மட்டுமே மேடையேறலாம். அந்தப் பக்கத்தை வேறு யாரும் திருப்பவில்லை.

மே 2

சொல்லவில்லை.

மே 3

சொல்லவில்லை. சித்தப்பா புதுச் சட்டை வாங்கியிருக்கிறார். “மேடை வெளிச்சத்துல இந்தக் கலர் எடுக்குமாடி?” என்று என்னைக் கேட்கிறார். போயும் போயும் என்னை.

மே 8

பள்ளிக்கு ‘வயிற்றுவலி’ சொல்லிவிட்டு அலுவலகத்துக்குப் போனேன். கவுண்டரில் ஒரு அக்கா, கையில் ரப்பர் ஸ்டாம்ப்.

“ஒரு பேரைச் சேர்க்கணும்க்கா.”

“சேர்க்க முடியாதும்மா. எட்டுல ஒருத்தர் எழுதிக் கொடுத்து விலகினா அந்த இடத்துல வேற ஆளைப் போடலாம். இருபதாம் தேதிக்குள்ள.”

“மறந்துட்டோம்னு சொன்னா?”

“யாரு மறந்தது?”

ஒரு கேள்விக்கு நாலு பதில் வைத்திருக்கிற வாய் இது. “தேங்க்ஸ்க்கா” மட்டும் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

மே 12

ஒத்திகை. லிஃப்டில் யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று சித்தப்பா போய்விட்டார். அம்மா ஓடக்காரன் கதையைத் தொடங்கினாள். நாலு வரி சொல்லி நின்றாள். மறுபடி தொடங்கி மறுபடி நின்றாள். “எங்க விட்டேன்?” நான் “ஆமா” சொல்லிப் பார்த்தேன்.

“ஏண்டி வகுப்புல அட்டெண்டன்ஸ் சொல்ற மாதிரி சொல்ற? விடு, அவன் வரட்டும்.”

அவர் வரவில்லை. பாயைச் சுருட்டினோம்.

மே 13

சொல்லிட்டேன். மாடிப்படியில வச்சு, எல்லாத்தையும். கத்துவாருன்னு பார்த்தேன். கத்தியிருந்தா பரவால்ல. “நான் செய்யறது ஒரு வேலைன்னே உனக்குத் தோணலையா?” அவ்ளோதான் கேட்டாரு. எழுந்து போயிட்டாரு.

அன்னிக்குத் தோணல சித்தப்பா — இதை எப்படிச் சொல்றது?

மே 15

ஒத்திகைக்கு வரவில்லை. “வேலை ஜாஸ்தி அண்ணி” என்று அம்மாவுக்கு போன் செய்திருக்கிறார். என்னைப் போட்டுக்கொடுக்கவில்லை. இந்தத் தடவை கொடுத்திருக்கலாம்.

மே 18

விலகல் கடிதம். விலகுபவர்: நான். என் இடத்தில்: சித்தப்பா. காரணம்: ‘தேர்வு’ என்று எழுதினேன். அடித்துவிட்டு, ‘இரண்டாவது மேளம் இல்லாமலும் கதை நடக்கும்’ என்று எழுதினேன். பதினெட்டு ஆகாததால் அம்மா கையெழுத்தும் வேண்டுமாம். எனவே அவளிடமும் ஒருமுறை முழுக் கதை. திட்டுக்காகக் காத்திருந்தேன். அவள் கடிதத்தை இரண்டு தடவை படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

“பேனா குடு.”

மே 21

நேற்று அலுவலகத்தில் அந்த அக்கா ஸ்டாம்ப் அடித்துத் தந்த பிரதியை சித்தப்பா வீட்டுக் கதவிடுக்கில் சொருகிவிட்டு ஓடிவந்தேன். மணி அடிக்கவில்லை.

ஜூன் 14, ஞாயிறு

முதல் நிகழ்ச்சி. ஐந்தாவது வரிசை எனக்கு. சித்தப்பா வந்தார், பழைய சட்டையில். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

அம்மா ஓடக்காரனை ஆற்றில் இறக்கினாள். “அப்புறம்?” என்றார் சித்தப்பா, அந்தக் கதையை இன்றுதான் முதல்முறை கேட்பவர்போல. மண்டபம் முழுக்க முன்னால் சாய்ந்தது. இரண்டாவது மேளம் இல்லையே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எழுதியது பலித்துவிட்டது. கொஞ்சம் வலித்தது.

பாட்டு வந்தது. என் மேளம் சேரவேண்டிய இடம் வந்தபோது சித்தப்பா தன் தொடையில் தட்டினார். மைக்குக்கு எட்டாத தட்டு. பாட்டு முடிகிற வரைக்கும், என் அடி விழவேண்டிய இடத்திலெல்லாம், ஒன்றுவிடாமல்.