பதினேழாம் பக்கத்துப் பூச்சி

மே 28

எங்கள் வன ஆய்வு அலுவலகத்தின் பெரிய சார் திருடன். என்னோடு வேலை பார்த்த நெட்டை இரண்டு வருடம் காட்டில் குந்தியிருந்து எழுதிய நோட்டைப் 'பார்த்துட்டுத் தரேன்' என்று வாங்கினார். அதில் இருந்த குட்டி அந்துப்பூச்சியைத் தானே கண்டுபிடித்ததாக அறிக்கை போட்டுவிட்டார். நோட்டு இப்போது அவர் இரும்பு பீரோவில். நெட்டை கேட்டான். அவன் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. அவ்வளவுதான்.

இன்று கிளம்பிவிட்டான். போவதற்கு முன், நாங்கள் வளர்த்த பச்சைப் புழுக்களை மண்தொட்டிகளில் விட்டோம். ஒவ்வொன்றும் பாதித் தீக்குச்சி நீளம். ஒரு மணி நேரத்தில் எல்லாம் மண்ணுக்குள் போய்விட்டன. அங்கேயே கூட்டுப்புழுவாகி ஆறு மாதம் கிடக்குமாம். "வெளிய வந்தா சொல்லு. எங்க இருந்தாலும் வந்துடறேன்" என்றான்.

நான் சேர்ந்தது மார்ச்சில். புழுவைத்தான் பார்த்திருக்கிறேன், பூச்சியைப் பார்த்ததில்லை.

ஜூலை 3

மண் ஈரமாக இருக்கிறது. அவனிடமிருந்து ஒன்றும் இல்லை.

செப்டம்பர் 14

கூப்பிட்டான்! துறைமுகத்துக் குளிர்கிடங்கில் பெட்டி அடுக்குகிறானாம். உள்ளே போகும்போதே போனை வாங்கி வைத்துவிடுவார்களாம். முதலில் தொட்டிகள் எப்படி இருக்கின்றன என்று கேட்டான். அப்புறம்தான் நான். சரி, இரண்டாம் இடமும் இடம்தானே.

அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். "பூச்சியப் பத்தியே பேசுறவனுக்குப் பூச்சியப் பத்தியே பேசுறவ. நல்ல ஜோடிதான், போ" என்றாள். நான் சிரித்தேனோ?

நவம்பர் 20

வந்துவிட்டன. ஐந்து. வெளிர் பழுப்பு, கட்டைவிரல் நகம் அளவு. இந்த மலைக் குளிரில், மரத்தில் ஓர் இலை இல்லாதபோது, இதுகளுக்கு என்ன அவசரம்? நெட்டைக்குச் செய்தி அனுப்பினேன். லீவு கேட்கிறேன் என்று பதில் வந்தது. இரண்டு தரம் தலை வாரிக்கொண்டேன். வெட்கக்கேடு.

நவம்பர் 23

இன்று ஆறு வந்தன. ஒன்றுக்கும் இறக்கை இல்லை. தோளில் துணுக்குத் துணுக்காக ஏதோ ஒட்டியிருக்கிறது. குண்டு வயிறு, சிலந்தி மாதிரி நடை. மண்ணைக் காயவிட்டுவிட்டேன் போலிருக்கிறது. பதிவேட்டில் 'ஊனம்' என்று எழுதினேன். பெரிய சார் எட்டிப் பார்த்தார். "இதெல்லாம் உருப்படாது. நாளைக்கு மேலிடத்துலேர்ந்து வராங்க, சுத்தம் பண்ணு" என்றார்.

ஆறையும் ஸ்பிரிட் பாட்டிலில் போட்டேன். அவன் வந்து கேட்டா என்ன சொல்றது?

நவம்பர் 25

போனில் நெட்டையிடம் சொன்னேன்.

"லூசு. அதுதான் பொண்ணு. அதுக்கு இறக்கையே கிடையாது. மரத்துல ஏறி உக்காந்துக்கும், ஆண்தான் தேடி வரணும். பதினேழாம் பக்கத்துல படமே போட்டு வெச்சிருக்கேனே."

பதினேழாம் பக்கம் பீரோவுக்குள். அந்த அறிக்கையை எடுத்து மறுபடி படித்தேன். பெண்பூச்சியைப் பற்றி ஒரு வரி இல்லை. திருடின மனுஷன் படிக்கக்கூட இல்லை.

நெட்டை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

டிசம்பர் 2

கடைசித் தொட்டியில் இன்னொரு பெண். காட்டு விளிம்பில் அவன் முதன்முதலில் பார்த்த மரத்தின் அடியில் விட்டேன். ஆளுயரம் ஏற அதற்கு ஒரு மணி நேரம் ஆனது. பிறகு அசையவில்லை. எனக்குத் தெரியாத ஏதோ ஒரு வாசனையைக் காற்றில் விட்டுக்கொண்டு அப்படியே இருந்தது. பொழுது சாயும்போது மூன்று ஆண்கள் வந்தன. எங்கிருந்து வந்தன? யார் சொன்னது?

அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. கேட்டதற்கே, போனால் திரும்பி வராதே என்றார்களாம்.

டிசம்பர் 4

பட்டை இடுக்கில் முட்டைகள். கடுகில் பாதி கூட இல்லை. பச்சையாக இருந்தவை ஆரஞ்சாகிக்கொண்டிருக்கின்றன. துளிர் விடும்போது, ஏப்ரலில், பொரியும். என் ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது என்று டைப்பிஸ்ட் அக்கா இன்று காதில் போட்டாள். "வாயை மூடிக்கிட்டு இருந்தின்னா நீட்டிப்பாரு" என்றாள்.

நேராகப் பெரிய சார் அறைக்குள் போனேன்.

"சார், பீரோ சாவி குடுங்க. அந்த நோட்டு வேணும். ஆள்தான் இங்க இல்ல, அவன் கையால எழுதினதாவது எங்கிட்ட இருக்கட்டும்."

பெரிய சார் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார்.

"சாவி குடுங்க சார்."