பதினாறு கழியும் முன்னே

மேலகரம்.

அன்புள்ள அத்தானுக்கு ஆனந்தவள்ளி எழுதுவது. மாமாவும் பிள்ளைகளும் சுகம். சாரல் விடவில்லை, தனியாக இருக்கும் பெரியவர்களுக்கு நம் சாப்பாட்டுக் கேரியர் கொண்டுபோகும் நாசர் நனைந்துகொண்டேதான் இலஞ்சிக்கும் குற்றாலத்துக்கும் ஓடுகிறான். அங்கே எல்லைக் காவலில் குளிர் எப்படி? போனில் பேசினால் நீங்கள் சத்தம் போடுவீர்கள், நானும் பதிலுக்குப் போடுவேன். அதனால்தான் கடிதம்.

இலஞ்சி வள்ளித்தாய் பெரியம்மா தவறியதைச் சொன்னேன் அல்லவா? அன்றைக்கே அவர் வீட்டுக்கு அனுப்பும் சாப்பாட்டை நிறுத்திவிட்டோம். ஆனால் சிட்னியில் இருக்கும் மகன் ஆவுடையப்பனின் கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கிறோமே, அதை நிறுத்தவில்லை. கணக்கை முடிக்க அவரிடம் பேச வேண்டும். பதினாறு கழியாத வீட்டில் பணப் பேச்சு எடுக்க நம் ஊரில் யாருக்கு வாய் வரும்? காரியம் முடியட்டும் என்றிருந்தேன். அதற்குள் ஒன்றாம் தேதி வந்தது. மெஷினுக்குத் துக்கம் தெரியுமா, எடுத்துவிட்டது. அவர் பேங்கில் புகார் கொடுத்துவிட்டார்.

சாப்பாடு நின்றால் கார்டில் எடுப்பதும் நிற்க வேண்டும் என்பது கார்டு கம்பெனிக்காரர்கள் விதி. இப்படிப் புகார் சேர்ந்தால் அந்த வசதியையே பிடுங்கிவிடுவார்கள். வெளியூர்ப் பிள்ளைகள் கட்டுவதில்தான் நம் அடுப்பு எரிகிறது. சேரும்போது அவர் கொடுத்த சம்மதத்தைக் காட்டி எதிர்த்து வாதாடு, ஜெயித்துவிடலாம் என்றீர்கள். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

பதினாறு முடிந்த மறுநாள் அவரிடமே பேசினேன். அம்மா முகத்தைப் பார்க்கக்கூட வர முடியாமல் போனவர். துளி கோபமில்லை.

"பணத்துக்காவ இல்லக்கா. அம்மா சாப்பாட்டுக்குன்னு எடுத்ததா மெசேஜ் வந்திச்சி. ஒரு நிமிசம் அம்மா இருக்கான்னே நெனச்சிட்டேன்" என்றார்.

போனை வைத்துவிட்டு அழுதேன்.

அத்தான், நான் வாதாடவில்லை. தப்பு எங்களுடையது என்று பேங்குக்குப் பதில் அனுப்பியாயிற்று, பணமும் திரும்பிப் போயிற்று. இனி ஒரு சாவுச் செய்தி வந்தால் முதலில் கார்டை நிறுத்துவேன். அப்புறம்தான் மாலை வாங்கப் போவேன். மற்ற வெளியூர்ப் பிள்ளைகளுக்கும் இனி பணம் எடுக்கும் முன்னால் தகவல் போகும். இவ்வளவுக்கும் மேல் வசதி போனால் போகட்டும், ஒவ்வொருவரிடமும் கேட்டு வாங்கிக்கொள்கிறேன். அடுப்பை அணைக்க மாட்டேன்.

கோபம் இருந்தால் திட்டுங்கள், ஆனால் பேசாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள். உங்கள் போன் கிடைக்காத நாட்களில், இங்கே எந்த மெசேஜ் வந்தாலும் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்றுதான் திறக்கிறேன். இலஞ்சிக் குமாரர் உங்களைக் காக்கட்டும்.

உங்கள்
ஆனந்தவள்ளி